எம்.எல்.ஏ. பயணப்படிக் கணக்கைக் கேட்கிறீர்களா? மனுப் போடும் முன் இதைப் படியுங்கள்

எம்.எல்.ஏ. வாங்கும் சம்பளமும் பயணப்படியும் நம் வரிப்பணம். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் மதுரைப் பக்கம் இப்படிக் கேட்டவர்கள் பலருக்குக் கிடைத்தது, "இவ்வலுவலகத்தில் தகவல் ஏதும் இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதம்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மனுக் கொடுத்தவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஓய்ந்துபோகிறார். அப்படி ஓய வேண்டியதில்லை.

பின்னணி கொஞ்சம். அரசியலமைப்பின் 195ஆம் பிரிவுப்படி எம்.எல்.ஏ.க்களின் சம்பளத்தையும் படிகளையும் சட்டமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் சம்பளமும் படிகளும் சேர்த்து மாதத்துக்கு 55,000 ரூபாயாக இருந்தது, 2017 ஜூலையிலிருந்து 1,05,000 ஆனது. அந்தக் கணக்கில் வாகனப்படி 25,000, தொகுதிப்படி 25,000.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாகனப்படி என்பது மாதம் பிறந்தால் மொத்தமாக வரும் தொகை. எந்த ஊருக்குப் போனார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பில் வைத்து வாங்குவது அல்ல. "எங்கள் எம்.எல்.ஏ. சென்ற வருடம் எந்தெந்தத் தேதியில் எங்கே போனார், டீசலுக்கு எவ்வளவு?" என்று கேட்டால், அப்படி ஒரு பதிவேடே இல்லை என்று பதில் வரும். சட்டப்படி அது சரியான பதிலும்கூட. பில் இல்லாமல் பணம் கொடுப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அதை ஆர்.டி.ஐ. மனுவில் கேட்டுப் பயனில்லை. இருக்கிற காகிதத்தை மட்டும்தான் அதில் கேட்க முடியும். "ஏன்", "எதற்காக" என்று தொடங்கும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள்.

இப்படி எழுதுங்கள்: "இந்த நிதியாண்டில் இந்தத் தொகுதி உறுப்பினருக்கு வாகனப்படி, பயணப்படி, தினப்படி என ஒவ்வொரு தலைப்பிலும் வழங்கிய தொகையைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும்." சட்டமன்றக் குழுக்களின் சுற்றுப்பயணம் தனி விஷயம். பொதுக் கணக்குக் குழுவோ உறுதிமொழிக் குழுவோ மதுரைக்கு ஆய்வுக்கு வந்தால், அந்தப் பயணத்துக்குக் காகிதம் இருக்கும். குழு வந்த தேதியைக் குறிப்பிட்டு, உறுப்பினர்கள் கொடுத்த பயணப்படிப் பட்டியலின் நகலைக் கேளுங்கள்.

அப்புறம், எங்கே கேட்பது? கலெக்டர் ஆபீஸில் அல்ல. எம்.எல்.ஏ.க்களின் படிக் கணக்கு சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள சட்டமன்றப் பேரவைச் செயலகத்தில் இருக்கிறது. ஆர்.டி.ஐ. மனுக்களுக்குப் பதில் தரும் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு நேரடியாக அனுப்புங்கள். தெரியாமல் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டாலும் உங்கள் மனுவைத் திருப்பித் தர அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சட்டத்தின் பிரிவு 6(3)படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். "எங்களிடம் இல்லை" என்று மட்டும் சொல்லிக் கைகழுவுவது சட்டமீறல். குழுவின் வருகைக்காக மாவட்ட நிர்வாகம் வண்டிக்கும் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்திருந்தால், அந்தக் கணக்கை மட்டும் கலெக்டர் ஆபீஸில் தனி மனுவாகக் கேளுங்கள்.

தயவுசெய்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆர்.டி.ஐ. மனுவைக் கொடுக்காதீர்கள். அது சாதாரணக் கோரிக்கை மனுவாகப் பதிவாகி மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்ற ஆர்.டி.ஐ. கெடுவை நம்பிக் காத்திருந்தவருக்கு, அந்தக் கெடு தொடங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரியவரும்.

பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி மனுவிலேயே ஒட்டிவிடுங்கள். தல்லாகுளம் தபால் நிலையத்திலிருந்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரமாக வையுங்கள். மக்களவை எம்.பி.யின் பயணப்படி என்றால் அது டெல்லி. மக்களவைச் செயலகத்துக்கு எழுத வேண்டும், மாநிலத்தின் ஸ்டாம்ப் அங்கே செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுங்கள்.

இனி வரப்போகும் பெரிய தடை, "இது தனிநபர் தகவல்" என்ற பதில். தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் ஆர்.டி.ஐ. சட்டப் பிரிவு 8(1)(j)ஐ 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்று முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த விலக்கு இப்போது இல்லை. மறுக்க நினைக்கும் அலுவலருக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். இதை மனுவிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கூடவே, எல்லா உறுப்பினர்களுக்கும் சேர்த்து வழங்கிய மொத்தத் தொகையைத் தனி மனுவில் கேளுங்கள். மொத்தக் கணக்கில் தனிநபர் யாரும் இல்லை. மனுவே இல்லாமல் பார்க்க ஒரு வழியும் உண்டு. மாநில பட்ஜெட்டில் ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகளில் எண் 1 சட்டமன்றத்துக்கானது, அந்த ஆவணம் இணையத்தில் இருக்கிறது.

தொகுதி மேம்பாட்டு நிதியை இதோடு கலக்காதீர்கள். அது எம்.எல்.ஏ. கைக்கு வரும் பணம் அல்ல, கணக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கை காட்டிவிடும்.

முப்பது நாளில் பதில் இல்லையா, அரைகுறையாக வந்ததா? அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நடக்கவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. பலர் "பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதத்தை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். அந்தக் கடிதம் பதில் ஆகாது, கெடுவை நிறுத்தவும் செய்யாது. கெடு தாண்டித் தந்த நகல்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள். பிரிவு 7(6)படி அவை இலவசம்.

இடையில் உங்களுக்கு ஃபோன் வரலாம். "எதுக்குங்க இந்தத் தகவல்? நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். போகாதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு, அழைப்பு வந்த தேதியையும் எண்ணையும் மனு நகலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டில் அதையும் சேர்த்து எழுதலாம்.