மறுவாழ்வு: காட்டு விலங்குக்கு இந்தச் சொல் போதுமா?

'ரீஹாபிலிடேஷன்' என்பதைத் தமிழ்நாட்டில் மறுவாழ்வு என்கிறோம், இலங்கையில் புனர்வாழ்வு என்கிறார்கள். 'புனர்' என்ற வடசொல்லுக்கும் 'மீண்டும்' என்றுதான் பொருள். ஆக, இரண்டும் ஒன்றே.

ஆனால் இலத்தீன் மூலத்தில் 'வாழ்வு' கிடையாது. 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியுள்ள, திறனுள்ள. இடைக்கால ஐரோப்பாவில் பதவியையும் உரிமையையும் இழந்தவருக்கு அவற்றைத் திருப்பித் தருவதைக் குறித்த சட்டச் சொல் இது. பிறகு சிறை மீண்டவர்கள், போரில் காயம்பட்ட வீரர்கள் என்று விரிந்து, 20ஆம் நூற்றாண்டில் விலங்குகளுக்கும் வந்தது.

விலங்குக்கு அந்தத் தகுதிதான், அதாவது காட்டில் தானாக வாழும் திறன்தான், எல்லாமே. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964இல் தொடங்கிய செபிலோக் மறுவாழ்வு மையத்துக்கு, சட்டவிரோதமாக வீடுகளில் வளர்க்கப்பட்ட ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கின் குட்டிகள் வருகின்றன. குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொன்றுவிடுவார்கள். தாயோடு ஆறேழு வருஷம் திரிந்து கற்க வேண்டிய பாடம் அதோடு போச்சு: எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்தக் கிளை தாங்கும், இரவு தூங்க இலைக்கூடு எப்படிக் கட்டுவது. முதலில் நோய்ப் பரிசோதனை, தனிமைப்படுத்தல். அப்புறம் மரமேறப் பழக்குகிறார்கள். காட்டுக்குள் விட்ட பிறகும் மேடையில் உணவு வைக்கிறார்கள், ஆனால் வேண்டுமென்றே ஒரே வகை உணவு. சலித்துப்போய் அவை தாமே காட்டில் இரை தேடட்டும் என்று. என்ன அருமையான யோசனை!

எல்லா விலங்கும் இப்படித் திரும்ப முடியாது. நம் தேவாங்கின் உறவான ஸ்லோ லாரிஸ் கடித்தால் விஷம். அதனால் இந்தோனேசியச் சந்தைகளில் விற்கும் முன் அதன் முன்பற்களை மயக்க மருந்துகூட இல்லாமல் வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பற்களால்தான் அது மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்னும். பல் போனால் பெரும்பாலும் காடும் போனது போலத்தான். இந்தக் கொடுமையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மனிதர்களிடம் வளர்ந்து மீட்கப்பட்ட யானைகள் அங்கேயே பராமரிக்கப்படுகின்றன. அவற்றுக்கும் பல்லிழந்த லாரிஸுக்கும் 'மறுவாழ்வு' கச்சிதமாகப் பொருந்துகிறது. செபிலோக்கில் நடப்பதற்கு 'காட்டுக்குத் தயார்படுத்துதல்' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் செய்யும் வேலை முழுதாகத் தெரிகிறது.