ஐந்து இணையத்தளங்களும் ஒருவருடைய நேரமும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இணையத்தளம் நடத்தி விளம்பர வருமானம் பெற விரும்பும் இளையோருக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது என் தொழில். தளங்களில் விளம்பரம் காட்டி அதன் வருமானத்தில் பங்கு தரும் கூகுள் அட்சென்ஸ் சேவை 2018 பெப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு, தமிழில் எழுதியே உழைக்கலாம் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களிலும் வேர்விட்டது. என்னிடம் வருபவர்கள் அதிகம் கேட்பது, இன்னுமொரு தளம் தொடங்கலாமா என்பதைத்தான். ஏற்கெனவே உள்ள தளங்களைத் திறந்து பார்த்த பின்பே நான் பதில் சொல்வேன்.

தர்மபுரத்துத் தம்பி ஒருவர் ஐந்து தளங்களை நடத்திவந்தார். வேலைவாய்ப்புத் தளத்தின் முதற்பக்கத்தில் இருந்த அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்திருந்தது. பரீட்சை வினாத்தாள் தளத்தில் மாணவர்கள் கேட்ட கேள்விகள் பதிலின்றிக் கிடந்தன. விவசாயத் தளத்தில் நெற்பயிரின் இலைகளைச் சுருட்டும் மடிச்சுக்கட்டிப் புழு பற்றி அவரே வயலில் படமெடுத்து எழுதிய ஒரு கட்டுரை மட்டும் நாள்தோறும் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்குத் தொடர்ச்சியாக அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. வருமானம் காட்டும் செயலியை மட்டும் மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணை, இப்ப ஒண்டிலயும் மனம் பதியுதில்லை” என்றார்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்த்த பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர்கள் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். காணி இருக்கிறது என்பதற்காக முழுவதையும் விதைப்பதில்லை. தளங்களின் எண்ணிக்கையையும் அவ்வாறே, வாரத்தில் உண்மையாகக் கையில் இருக்கும் மணித்தியாலங்களைக் கணக்கிட்ட பின்பே முடிவு செய்யவேண்டும். வேறு வேலையும் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு தளங்களே போதும் என்பது என் கருத்து: ஒன்று வளர்ப்பதற்கு, மற்றையது பழுதடையாமல் பேணுவதற்கு. எஞ்சியவற்றில் நன்றாக வாசிக்கப்படும் கட்டுரைகளை முதன்மைத் தளத்துக்கு மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நிரந்தர வழிமாற்றம் கொடுத்துவிட்டால் அந்த உழைப்பு வீணாகாது.

ஊக்கம் குன்றுவதற்கு இன்னொரு காரணம், பணம் கைக்கு வரும் வழி நீளமானது என்பதை முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்லாதது. அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய எண் தபாலில் அனுப்பப்படும். அது வந்துசேரச் சில வாரங்கள் ஆகலாம், நான்கு மாதங்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். வீட்டு இலக்கமில்லாத எங்கள் கிராமங்களில் முகவரியைத் தெளிவாக எழுதி, உப தபாலகத்திலும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அதன் பிறகும், 100 டொலர் நிரம்பினால்தான் அடுத்த மாதம் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் பணம் விடுவிக்கப்படும். இவ்வளவு தாமதமாக வரும் பணத்தை அன்றாட ஊக்கத்துக்கு அளவுகோலாக வைத்தால் எவருக்கும் மனம் சோரும். எனவே, இந்த வாரம் எழுதி முடித்த கட்டுரைகள், திருத்திய பழைய பக்கங்கள், பதிலளித்த கேள்விகள் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்துவரச் சொல்கிறேன். வருமானத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பல தளம் நடத்துவோர் மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. அட்சென்ஸில் ஒருவருக்கு ஒரு கணக்குதான். எல்லாத் தளங்களின் வருமானமும் அதில் ஒன்றாகச் சேர்வது வசதிதான். ஆனால் கவனிப்பாரற்ற ஒரு தளத்தில் நண்பர்கள் உதவியென்று நினைத்து விளம்பரங்களைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், நன்றாக நடக்கும் தளமும் சேர்ந்து முழுக் கணக்குமே முடங்கலாம். எல்லாத் தளங்களையும் நிரப்பும் அவசரத்தில் பிற தளங்களிலிருந்து பிரதி செய்வதும், இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் மொத்தமாக ஏற்றுவதும் அதேயளவு ஆபத்தானவை. தேடலில் முன்னுக்கு வருவதற்காகப் பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் உருவாக்குவதற்கு எதிராகக் கூகுள் 2024 மார்ச்சில் விதிகளை இறுக்கியது. அவற்றை மீறும் தளங்கள் தேடல் முடிவுகளிலிருந்தே நீக்கப்படலாம்.

வேலையை ஆண்டு முழுவதும் சமமாகப் பரப்பவும் தேவையில்லை. காலபோக விதைப்புக்கு முன்னர், ஆவணி, புரட்டாதியில், விதைநெல்லும் பசளையும் பற்றி எழுதினால் தேடுபவர்கள் இருப்பார்கள். அறுவடைக் காலத்தில் நெல் விலை. பரீட்சைத் தளத்துக்குப் பரீட்சைக்கு முந்தைய மாதங்களே பருவம். ஒரு தளத்துக்குப் பருவம் இல்லாதபோது மற்றையதைக் கவனித்தால், ஒரே விடயத்தில் உழன்று வரும் அலுப்பும் குறைகிறது.

டொமைன் எனப்படும் தள முகவரிகளைப் புதுப்பிக்கும் திகதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். வரிக் கணக்கும் அவசியம்: 2025 ஏப்ரல் 1 முதல் இலங்கையில், வெளிநாடுகளுக்கு வழங்கும் சேவைகளால் கிடைக்கும் அந்நியச் செலாவணி வருமானத்துக்கும் 15 சதவீதத்துக்கு மேற்படாத வீதத்தில் வருமான வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் விலக்கும் உண்டு. தொகை சிறிதாக இருக்கும்போதே வங்கிக்கு வந்த பணத்தின் விவரங்களையும் டொமைன், ஹோஸ்டிங் பற்றுச்சீட்டுகளையும் தளம் வாரியாகக் கோவைப்படுத்தி வந்தால், எந்தத் தளம் தன் செலவையாவது ஈட்டுகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.