மாஸ்ட் செல்: பெயரும் பொருளும் தமிழ்ச் சொல்லும்

குடல் ஒவ்வாமையைப் பற்றி எதைப் படித்தாலும் ‘மாஸ்ட் செல்’ என்ற நோயெதிர்ப்புச் செல்லின் பெயர் எதிர்ப்படும். ஆங்கில அகராதியைப் புரட்டினால் மாஸ்ட் என்பதற்குக் கப்பலின் பாய்மரம் என்று போட்டிருக்கும். அதை நம்பிப் ‘பாய்மரச் செல்’ என்று எழுதிவிடக் கூடாது. இது ஜெர்மன் மொழியிலிருந்து வந்த பெயர். கால்நடைகளுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதை அங்கே மாஸ்ட் என்பார்கள்.

பெயர் சூட்டியவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக். பின்னாளில், 1908இல், நோபல் பரிசு பெற்றவர். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் இந்தச் செல்களை அவர் விவரித்தார். திசுக்களில் அனிலின் சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில செல்களின் உள்ளே குருணை குருணையாக ஏதோ அடைத்துக் கிடந்தது. இன்றும் நீலச் சாயம் ஒன்றை ஏற்றிப் பார்த்தால், சுற்றியுள்ள திசு நீலமாகவே இருக்க, அந்தக் குருணைகள் மட்டும் செவ்வூதா நிறத்தில் தெரியும். நன்றாகத் தின்று கொழுத்த செல் இது, பக்கத்துத் திசுவுக்கும் ஊட்டம் தருகிறது என்று எர்லிக் கருதினார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் கண்டது சரி, ஊகம் பொய்த்தது. குருணைகளில் இருப்பது உணவு இல்லை. ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் போன்ற வீரியமுள்ள வேதிப்பொருள்கள். மாஸ்ட் செல்லில் ஹிஸ்டமின் இருப்பதை ரைலி, வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1953இல் காட்டினார்கள். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இந்தச் செல்கள் முதிராத நிலையிலேயே ரத்தத்தில் பயணப்பட்டு, தோல், மூச்சுக்குழாய், குடல் சுவர் போன்ற இடங்களில் குடியேறி முதிர்கின்றன. மூன்றுமே வெளியுலகம் உடலைத் தொடும் எல்லைகள். குடற்புழுக்களை விரட்டுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆக, ஒவ்வாமை உண்டாக்குவதற்கென்றே பிறந்த செல் என்று இதைப் பழிப்பது நியாயமில்லை.

ஒவ்வாமையில் நடப்பது என்ன? முட்டையிலோ நிலக்கடலையிலோ உள்ள ஒரு புரதத்தை உடல் பகையென்று எடுத்துக்கொண்டு, அதற்கென ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி அதே புரதம் வந்து, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஐ.ஜி.இ.களை இணைத்துப் பிடித்ததும் செல் உசுப்பப்படுகிறது. சில நிமிடங்களுக்குள் குருணைச் சரக்கு வெளியே கொட்டுகிறது. ஹிஸ்டமின் பட்டதும் குடல் தசை சுருண்டு பிடிக்கிறது. அதுதான் வயிற்றைச் சுருட்டும் வலி. சுவரிலிருந்து நீர் சுரந்து பேதியாகிறது. நரம்பு நுனிகள் உறுத்தப்படுகின்றன. குடல் உட்பரப்புச் செல்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்கிறது.

இதோடு முடிவதில்லை. லூக்கோட்ரையீன், புராஸ்டாகிளாண்டின், சைட்டோகைன் முதலிய தூண்டுபொருள்களை அதே செல் புதிதாகத் தயாரித்தும் வெளியிடுகிறது. அவற்றின் அழைப்புக்கு வேறு வெள்ளணுக்கள் வந்து குவிய, சில மணி நேரம் கழித்து அழற்சி வலுக்கிறது. அழல் என்றால் நெருப்பு. சிவந்து, சுட்டு, வீங்கும் நிலைக்கு அழற்சி என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஒவ்வாமையும் நல்ல சொல்தான். ஆனால் பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. “எனக்குப் பால் ஒத்துக்காது” என்று இரண்டு பேர் சொல்லலாம். ஒருவருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவு. உப்புசம், பேதி வரும், இங்கே ஐ.ஜி.இ.க்கு வேலையே இல்லை. மற்றவருக்குப் பால் புரதத்தின் மீது ஒவ்வாமை. துளி பால் பட்டாலே மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டிவரும். எழுதும்போதாவது முதலாவதை ‘செரியாமை’ என்றும் இரண்டாவதை மட்டும் ‘ஒவ்வாமை’ என்றும் பிரித்துச் சொன்னால், ஓர் உயிர்கூடப் பிழைக்கலாம். உண்மையாகவே சொல்கிறேன்.

சரி, மாஸ்ட் செல்லுக்குத் தமிழில் என்ன? ‘ஊட்டச் செல்’ என்றால் ஜெர்மன் பெயருக்கு நேரான மொழிபெயர்ப்பு ஆகும். ஆனால் எர்லிக்கின் தவறிய ஊகத்தைத் தமிழிலும் நட்டுவைத்ததாகிவிடும். ‘ஒவ்வாமைச் செல்’ என்றால் அதன் காவல் பணி மறைந்துபோகும். வெறும் ‘குருணைச் செல்’ என்பதும் போதாது. ரத்தத்தில் குருணை கொண்ட வெள்ளணுக்கள் வேறு உண்டு. அவை சுற்றித் திரிபவை, இது திசுவில் குடியிருப்பது. எனவே ‘திசுக் குருணைச் செல்’ என்பதே என் தேர்வு. இலங்கை வழக்கில் செல்லுக்குக் கலம் என்பதால் அங்கே ‘திசுக் குருணைக் கலம்’ ஆகும். குருணை வெளியேறும் நிகழ்வைக் ‘குருணை உமிழ்வு’ எனலாம். மருத்துவரிடம் பேசும்போதும் பரிசோதனை அறிக்கையிலும் மாஸ்ட் செல் என்றே இருக்கட்டும். நோயாளிக்கு விளக்கும் இடத்தில் தமிழ்ப் பெயரைப் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.