அடைக்காத சொத்தையின் செலவு யார் கணக்கில்?

தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவும் திணறியபடி ஒரு நோயாளி வந்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. வேரில் கட்டிய சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சை அடைக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே அட்மிட் செய்து, கழுத்தைக் கீறிச் சீழை வடித்து, பல்லைப் பிடுங்கி, மூன்று நாள் ஐசியுவில் வைத்தோம். அத்தனை செலவையும் பொதுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. எட்டு மாதத்துக்கு முன் அதே பல்லை அடைக்க வந்தவரை, "பெரியவங்களுக்குப் பல் சிகிச்சை இதுல வராதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நாங்கள்தான். அரை மணி நேர வேலை அது.

பெரியவர்களின் பல் சிகிச்சையை அரசின் பொதுக் காப்பீட்டில் சேர்த்தால் செலவு தாங்காது என்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் பல் செட்டுக்குக் கூட்டம் குவிந்தது, செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. 1951இல் பல் செட்டுக்குக் கட்டணம் வந்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். ஆனால் அன்று வந்த கூட்டம், பல வருஷமாகப் பல் இல்லாமலே காலம் தள்ளியவர்களின் கூட்டம். தேங்கிக் கிடந்த தேவை முதலில் ஒரேயடியாகத்தான் வரும். முதல் இரண்டு வருஷச் செலவை அப்படியே பத்து வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டுவது தப்புக் கணக்கு.

இருக்கிற பல் சிகிச்சையைத் திட்டத்திலிருந்து வெட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை கட்டாயம். பெரியவர்களுக்கு மாநிலம் விரும்பினால் உண்டு. நிதி நெருக்கடியில் கலிபோர்னியா 2009இல் அவசரமில்லாத சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. பல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் கூடினார்கள். அங்கே பெரும்பாலும் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும்தான் கிடைக்கும், சொத்தை அப்படியே இருக்கும். அதற்கும் பில் உண்டு. 2014இல் ஒரு பகுதியையும் 2018இல் மீதியையும் மாநிலம் திரும்பக் கொண்டுவந்தது.

இதனால் திட்டம் தன் செலவைத் தானே ஈடுகட்டிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. நல்ல பலன்தான், ஆனாலும் அதை வைத்து முழுச் செலவையும் நியாயப்படுத்த முடியாது. மனிதர் வலியில்லாமல் மென்று சாப்பிடுவதற்காகச் செய்ய வேண்டிய செலவு இது.

எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். பிடுங்குவதற்கு மட்டும் பணம் தரும் திட்டம் எனக்குக் கவலை தருகிறது. வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல்லையும், "எடுத்துடுங்க டாக்டர், அதுதான் ஃப்ரீ" என்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று பல் போனபின் கட்டுகிற பல் திட்டத்தில் வராது. பல்லைச் சுத்தம் செய்வது, சிறு சொத்தையை அடைப்பது இரண்டையும் முதலில் சேர்க்க வேண்டும். டாக்டருக்குக் கட்டுப்படியாகும் கட்டணமும் வேண்டும். அது இல்லாவிட்டால் அட்டை கையில் இருக்கும், பார்க்க ஆள் இருக்காது.

அந்த நோயாளி புண் ஆறியதா என்று காட்டப் போன வாரம் வந்தார். எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் சின்னதாகக் கறுப்புப் புள்ளி, இன்னும் வலிக்கவில்லை. "பணம் சேர்ந்ததும் வர்றேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.