சைலேஜ் கிலோ என்ன விலை? மாடு தின்ற கிலோவுக்குச் சொல்லுங்கள்

சென்னைக்கு வடக்கே மாதவரம், செங்குன்றம், மீஞ்சூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் என்னிடம் சைலேஜ் (பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்தது) பற்றிக் கேட்டால் முதல் கேள்வி விலைதான். குழி வெட்டினால் மலிவா, மூட்டை கட்டலாமா, டிரம்மா, இல்லை லாரியில் வருகிற பேலை (கட்டாகக் கட்டி விற்கிற ரெடிமேட் சைலேஜை) வாங்கிப் போட்டுவிடலாமா? நான் கால்நடை மருத்துவன், வியாபாரம் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் உள்ளே போட்ட எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், மாடு தின்ற எடையை யாரும் பார்ப்பதில்லை.

குழிக்கு ஆகும் செலவு மண்வெட்டுக் கூலி, பிளாஸ்டிக் ஷீட், டிராக்டர் ஏற்றி அழுத்துகிற வாடகை, அவ்வளவுதான். கிலோவுக்கு 4 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு பூஞ்சை பிடித்துக் கழிந்தால் மீதி கிலோ 6 ரூபாய் ஆகிவிடும். ஏன் கழிகிறது? குழியைத் திறந்த பிறகு காற்றுப் படுகிற முகப்பில் தினமும் 15 செ.மீ. ஆவது வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சூடேறிக் கெட்டுவிடும். 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள முகப்பில் 15 செ.மீ. வெட்டினால் சுமார் 250 கிலோ வரும், மாட்டுக்கு 20 கிலோ என்றால் 12 மாடு வேண்டும். நாலு மாடு வைத்துக்கொண்டு குழி வெட்டுகிறவரிடம் இதைச் சொன்னால், “அப்புறம் ஊர்ல எல்லாரும் எப்படி சார் வெட்றாங்க?” என்பார். ஊரில் மாடும் அதிகம், மேட்டு நிலமும் உண்டு. மணலி, மீஞ்சூர் தாழ்வுப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தரைக்குக் கீழே வெட்டிய குழியில் தண்ணீர் ஊறும், தீவனம் புளிக்காமல் அழுகும். நிறைய மாடு இருந்தால் மேட்டில் தரைக்கு மேலே சுவர் எழுப்பிக் கட்டுங்கள், முதல் செலவு கூடினாலும் பல வருஷம் உழைக்கும்.

மூன்று, நாலு மாட்டுக்கு 50 கிலோ மூட்டைதான் என் கட்சி. அன்றைக்குப் பிரித்தது அன்றைக்கே தீர்ந்துவிடும். வெளியே சாக்கு, உள்ளே தடித்த பாலித்தீன் உறை. ஆள் ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றுகிற கூலிதான் கொஞ்சம் கடிக்கும். அதைவிடப் பெரிய செலவு பெருச்சாளி! ஒரே ஒரு பல் பட்ட ஓட்டை போதும், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி நெருக்கமான இடங்களில் மூட்டையைத் தரையில் அடுக்கவே கூடாது. கெட்ட பகுதியை வீணாக்க மனசு வராமல் சினை மாட்டுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் வளர்கிற லிஸ்டீரியா கிருமியால் கன்று கலைந்துபோகலாம்.

எலிக்குப் பயந்தால் டிரம். மூடி இறுக்கமாக இருந்தால் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படும். நம் பக்கம் பழைய நீல டிரம் சுலபமாகக் கிடைக்கும், ஆபத்தும் அங்கேதான், ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பழக்கூழோ சமையல் எண்ணெயோ வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதில் போட்டாலும் நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், கொஞ்சம் வாட விடுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்தால் சரி. மக்காச்சோளம் என்றால் மணி பால் பிடித்து மாவாகிற பருவத்தில் வெட்ட வேண்டும், கம்பு நேப்பியர் புல் என்றால் புளிக்கத் தேவையான சர்க்கரை குறைவு, மொலாசஸ் (சர்க்கரை ஆலைப் பாகு) தெளிக்கிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு 45 நாள் தொடாதீர்கள்.

வாங்குகிற பேலுக்கும் இதே ஈரம்தான் கணக்கு. கிலோ 8 ரூபாய், உலர் எடை (ஈரம் போக மிச்சம்) 32 சதவீதம் என்றால் ஒரு கிலோ உலர் தீவனம் 25 ரூபாய். கிலோ 7 ரூபாய், உலர் எடை 25 சதவீதம் என்றால் 28 ரூபாய். அந்த ஒரு ரூபாய்க் குறைச்சலில் நீங்கள் வாங்கியது தண்ணீர். வீட்டிலேயே பார்க்கலாம்: 100 கிராம் எடுத்து அடிகனமான வாணலியில் கருகாமல் சிறுதீயில் எடை குறைவது நிற்கும்வரை வறுத்து நிறுத்தால் மிச்சம் எத்தனை கிராமோ அத்தனை சதவீதம். லாரி வாடகையும் இறக்குகூலியும் தனி. இறக்குவதற்கு முன் ஒரு பேலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், புளிப்பு வாசனை இருந்தால் இறக்கலாம், வெண்ணெய் கெட்ட வாடை அடித்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். பிரிக்கவே முடியாது என்று டிரைவர் அடம்பிடித்தாலும் அதேதான்.