எடைக் கருவியில் ஜெயித்து, ரிங்கில் தோற்கும் பிள்ளைகள்

தேசிய அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டி வந்தாலே மருத்துவ மேசையில் இதே காட்சிதான். தண்ணீரைத் தொடாமல், ரப்பர் சூட்டுக்குள் வெந்து, எச்சிலைத் துப்பித் துப்பி, தங்கள் எடைப் பிரிவின் வரம்புக்குள் வந்துவிட்டு, முதல் ரவுண்டிலேயே கால் பின்னும் பிள்ளைகள்.

கேட்டால் மேரி கோமைச் சொல்வார்கள். 2018-ல் போலந்தில் நான்கு மணி நேரத்தில் 2 கிலோ குறைத்துத் தங்கம் வென்றார், உண்மைதான். அது தாமதமாக வந்து இறங்கிய அனுபவசாலி நெருக்கடியில் செய்தது. உங்கள் பயிற்சித் திட்டம் அல்ல. 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 11 முறை தேசியப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் ஹவா சிங்கை ஏன் யாரும் சொல்வதில்லை? அவர் ஆடிய ஹெவிவெயிட் எனும் அதிக எடைப் பிரிவுக்கு அன்று மேல்வரம்பே கிடையாது. பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

எரிச்சலூட்டுவது இன்னொன்று: "எடை பார்த்ததும் குடிச்சா சரியாயிடும் டாக்டர்." சரியாகாது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் தொழில்முறை வீரர் முந்தைய நாளே எடை காட்டிவிடுகிறார்; தேறிக்கொள்ள அவருக்கு ஒரு நாள் இருக்கிறது. அமெச்சூரான உங்களுக்குக் காலையில் எடை, அன்றே சண்டை. இழந்த ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். 4 கிலோ குறைத்தவர் 6 லிட்டர்! சில மணி நேரத்தில் குடல் அதை உறிஞ்சாது. வெறும் தண்ணீராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் சரியும். அப்படியே குடித்தாலும், ஜெயித்தால் மறுநாள் காலை மறுபடியும் எடை. பைனல் வரை தினமும் காய்வீர்களா? காய்ந்த உடம்போடு தலையில் குத்து வாங்குவது பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

குறைப்பதென்றால் ஆறேழு வாரம் முன்பே தொடங்குங்கள், வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைசி நாளில் 2 சதவீதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் மேல் பிரிவில் ஆடுங்கள், கௌரவம் குறையாது. எடை பார்த்த பின் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்து, மடக்கு மடக்காக. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, ஃபியூரோசமைடு உட்பட, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, தொட்டால் தடை.

கோச்மார்களே, பதினாறு வயதுப் பிள்ளையைத் தயவுசெய்து வெயிலில் ரப்பர் சூட்டோடு ஓடவிடாதீர்கள். வியர்வை நின்றாலோ, பேச்சு குழறினாலோ எடையை மறந்துவிடுங்கள்: சூட்டைக் கழற்றி, உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.