வளைவில் மட்டும் கேட்கும் 'டக் டக்': முன் ஆக்சிலுக்குள் ஒளிந்திருக்கும் வடிவியல்

காரின் முன் ஆக்சிலை முதல்முறையாக வீட்டிலேயே மாற்றப்போகும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். நேராகப் போகும்போது சத்தமே இல்லாத கார், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்று அடிப்பது ஏன்? ஆக்சில் முனையில் இருக்கும் அந்த ஒற்றை நட்டை, சக்கர நட்டுகளைவிட இரண்டு மடங்கு, சில கார்களில் அதற்கும் மேலே இறுக்கச் சொல்வது ஏன்? இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலில், எனக்குத் தெரிந்த இயந்திர அமைப்புகளிலேயே மிக அழகான ஒன்று இருக்கிறது. அதனால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முன்சக்கரம் இழுக்கும் காரில் அந்தச் சக்கரத்துக்கு மூன்று வேலை: சுழல வேண்டும், ஸ்டீயரிங் சொல்லும் பக்கம் திரும்ப வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். கியர்பாக்ஸோ காரின் உடலோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் டிரைவ் ஷாஃப்டைத்தான் பேச்சில் ஆக்சில் என்கிறோம். ஆக, சுழன்றுகொண்டே இருக்கும் ஓர் இரும்புத் தண்டு, அதே நேரத்தில் வளையவும் வேண்டும், நீண்டு குறுகவும் வேண்டும். தண்டு வளையாது. இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள்தான் வளைகின்றன.

வளையும் மூட்டு மனிதருக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ, 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் ஆகியோரின் பெயர்களால் அறியப்படும் குறுக்கு மூட்டு இன்றும் லாரிகளின் அடியில் ஓடுகிறது. இரண்டு கவைகள், நடுவே ஒரு சிலுவை வடிவத் துண்டு. அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. 30 டிகிரி வளைத்துவைத்து, ஒரு பக்கத் தண்டை நிமிடத்துக்கு 100 சுற்று என்று சீராகச் சுற்றினால், மறுபக்கத் தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இரண்டு முறை 86.6 வரை இறங்கி, இரண்டு முறை 115.5 வரை ஏறும். சராசரி 100தான். ஆனாலும் தரையைப் பிடித்துக்கொண்டு உருளும் சக்கரம் இப்படித் தயங்கியும் பாய்ந்தும் சுழல முடியாது. அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் அதிர்வாகத்தான் வெளியே வரும்.

ஏன் இப்படி? சிலுவையின் ஒரு கை, செலுத்தும் தண்டோடு சேர்ந்து ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. செலுத்தும் தண்டின் அச்சு வழியே பார்த்தால் அது சுத்தமான வட்டம். மறுபக்கத் தண்டின் அச்சு வழியே பார்த்தால் அதே வட்டம் சாய்ந்து, நசுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். வட்டத்தில் சமமாக எடுத்து வைத்த அடிகள், நீள்வட்டமாகப் பார்க்கும்போது சமமான கோணங்களாகத் தெரியாது. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் தெரியும். மறுபக்கத் தண்டு அந்தச் சமமில்லாத கோணங்களைத்தான் பின்பற்றுகிறது.

சரி, இதற்கு என்ன வழி? விசையைக் கடத்தும் புள்ளிகள் எந்தத் தண்டுக்கும் செங்குத்தாகச் சுற்றாமல், இரண்டுக்கும் நட்ட நடுவே சாய்ந்த ஒரு தளத்தில் சுற்றினால்? அப்போது இந்தத் தண்டுக்கும் அது நீள்வட்டமாகத் தெரியும், அந்தத் தண்டுக்கும் அதே அளவு நசுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். இரண்டும் ஒரே மாதிரி ஏமாறுகின்றன. ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றொன்றில் அப்படியே கழிந்துபோய், இரண்டு தண்டுகளும் எந்த நொடியிலும் ஒரே வேகத்தில் சுழலும். இதைச் செய்யும் மூட்டைத்தான் மாறா வேக மூட்டு, பட்டறைப் பேச்சில் சிவி ஜாயிண்ட், என்கிறோம்.

ஆனால் காரின் கோணம் நிலையாக இருப்பதில்லை. நேர்ச்சாலையில் சில டிகிரி, முழுக்க ஒடித்தால் 45 டிகிரிக்கு அருகில். கோணம் மாறும் ஒவ்வொரு முறையும், விசை கடத்தும் புள்ளிகள் சரியாகப் பாதிக் கோணத்துக்குத் தாமாகவே நகர வேண்டும். சென்சார் இல்லை, கணினி இல்லை, நெம்புகோல்கூட இல்லை. அந்தப் புள்ளிகளுக்கு யார் சொல்வது?

சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளிப்புற மூட்டைப் பிரித்துப் பாருங்கள். தண்டின் முனையில் ஆறு பள்ளங்கள் வெட்டிய ஓர் உருண்டை. அதைச் சுற்றி, உட்புறம் ஆறு பள்ளங்கள் உள்ள ஒரு கிண்ணம். இந்தக் கிண்ணத்தின் பின்முனைதான், சக்கரம் மாட்டப்படும் ஹப்புக்குள் போகிறது. பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு எஃகுப் பந்துகள். ஆறையும் ஒரே தளத்தில் பிடித்துவைக்க, ஆறு ஜன்னல்கள் வெட்டிய ஒரு கூண்டு. ஆல்ஃபிரட் ஷெப்பா 1920களில் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது இது.

சூட்சுமம் பள்ளங்களின் வளைவில் இருக்கிறது. உள் உருண்டையின் பள்ளம் ஒரு வட்டத்தின் வில். வெளிக் கிண்ணத்தின் பள்ளமும் வட்டத்தின் வில்தான். ஆனால் இரண்டு வட்டங்களின் மையங்களும் மூட்டின் மையத்தில் இல்லை. ஒன்றின் மையம் ஒரு தண்டின் அச்சின் மேல் சில மில்லிமீட்டர் இந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது. மற்றொன்றின் மையம் அடுத்த தண்டின் அச்சின் மேல் அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளி இருக்கிறது. இதனால் வெளிப் பள்ளத்துக்கும் உள் பள்ளத்துக்கும் இடையிலான சந்து ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆகிறது. ஈரக் கையில் அழுத்திய சோப்பு வழுக்கி ஓடுவதுபோல, ஒவ்வொரு பந்தும் அகலமான பக்கம் நழுவப் பார்க்கும். கூண்டு விடாது. ஆகவே பந்து மூன்று பக்கமும் அணைக்கப்பட்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டுமே நிற்க முடிகிறது.

அந்த இடம் எது? இங்கே பள்ளிக்கூட வடிவியல் வந்து நிற்கிறது. மூட்டின் மையத்தை 'ம' என்போம். இரண்டு பள்ள வளைவுகளின் மையங்கள் 'க', 'ச'. பந்தின் மையம் 'ப'. இரு மையங்களும் சம அளவு தள்ளி இருப்பதால் மக-வும் மச-வும் சமம். இரண்டு வில்களின் ஆரமும் ஒன்றே என்பதால் பக-வும் பச-வும் சமம். மப இரண்டு முக்கோணங்களுக்கும் பொதுவான பக்கம். மூன்று பக்கங்களும் சமமான இரண்டு முக்கோணங்கள் சர்வசமம். அப்படியானால் 'ம'-வில் உருவாகும் கோணங்களும் சமம். அதாவது பந்து இரண்டு தண்டுகளோடும் ஒரே கோணத்தில், சரியாக நடுத் தளத்தில் நிற்கிறது! மூட்டு 20 டிகிரி வளைந்தால் பந்துகளின் தளம் 10 டிகிரி சாய்கிறது; 40 வளைந்தால் 20. முக்கோணங்களின் சர்வசமத்தை மனப்பாடம் செய்யவைக்கும் எந்த வகுப்பிலும் இந்த மூட்டைக் காட்டுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். பழைய மூட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தால் போதும், அந்தத் தேற்றத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு நுணுக்கம். கூண்டின் ஜன்னல்களைக் கூர்ந்து பாருங்கள். பந்துக்குச் சரியான வட்டமாகவோ சதுரமாகவோ இல்லாமல், சுற்றுத் திசையில் கொஞ்சம் நீளமாக இருக்கும். மூட்டு வளைந்து சுழலும்போது பந்துகளுக்கு இடையிலான தூரம் சற்றே கூடிக் குறையும். அந்த நீள்வட்டம் உண்மை என்பதற்கு எஃகில் வெட்டிய சாட்சி அந்த ஜன்னல்.

இப்போது 'டக் டக்' தானாகவே விளங்கும். நேராகப் போகும்போது பந்துகள் பள்ளத்தின் ஒரே இடத்தில் ஏறக்குறைய அசையாமல் நின்று சுமையைத் தாங்குகின்றன. ஆயுளில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. கிரீஸ் குறைந்து மண் கலந்தால் அந்த இடத்தில்தான் குழி விழும். நேர்ச்சாலையில் பந்து அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் சத்தம் இல்லை. ஒடித்துத் திருப்பும்போது ஒவ்வொரு பந்தும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை பள்ளத்தின் நெடுக முன்னும் பின்னும் பயணிக்கிறது. சுமையோடு குழியின் விளிம்பில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி. அதனால்தான் காரின் வேகத்தோடு சத்தமும் வேகமெடுக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி திரும்பினால் இன்னும் கூர்மையாகக் கேட்கும். நேராகப் போகும்போதே வேகமெடுத்தால் கார் குலுங்குகிறது என்றால், சந்தேகம் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உட்பக்க மூட்டின் மேல் விழ வேண்டும். மூன்று உருளிகள் நேர்ப்பள்ளங்களில் முன்னும் பின்னும் நழுவும் வகை அது. தண்டு நீண்டு குறுகுவதைப் பார்த்துக்கொள்வது அதுதான்.

இத்தனை நுட்பத்தையும் காப்பது, மூட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, அதாவது பூட். மடிப்பில் ஒரு கீறல் விழுந்தால், சுழற்சியே கிரீஸை வெளியே வீசிவிடும். சக்கரத்தின் உட்புறமும், அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டிலும் கருப்பாகச் சிதறிய கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம். பூட் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் சுத்தம் செய்து, புது கிரீஸும் புது பூட்டும் போட்டுக் காப்பாற்றிவிடலாம். சத்தம் வந்த பிறகு கிரீஸ் அடைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது வெறும் நம்பிக்கைதான். எஃகில் விழுந்த குழியைக் கிரீஸ் நிரப்பாது. சில நாள் சத்தத்தை மட்டும் மறைக்கும்.

கிரீஸ், ரப்பர், தேய்மானம் என்றாலே ஆராய்ச்சி உலகில் இரண்டாம் தரமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாடு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அறிக்கை கொடுத்தது. கவர்ச்சியான துறைகளுக்குப் பணம் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. உருளும் ஒவ்வொரு பொருளின் ஆயுளையும் தீர்மானிக்கும் இந்தத் துறைக்கும் அதில் நியாயமான பங்கு வேண்டும்.

அப்புறம், கழற்றும் வேலை. படிகள் காரின் கையேட்டில் இருக்கும். அவற்றின் காரணங்களை மட்டும் சொல்கிறேன். ஆக்சில் முனையில் இருக்கும் அந்த ஒற்றை நட்டை, அதாவது ஹப் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, பிடி விடும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு நெம்பினால் சக்கரம் சுற்றும், காரும் ஆடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அடியில் கை போகும் முன் ஸ்டாண்டு நின்றாக வேண்டும், இதில் சமரசமே கிடையாது. பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஹப்பின் அடியைப் பிடித்திருக்கும் கீழ் பால் ஜாயிண்டையோ ஸ்ட்ரட் போல்ட்டுகளையோ விடுவித்தால் ஹப் வெளியே சாய்ந்து, ஆக்சில் முனை வெளிவர இடம் கிடைக்கும்.

உட்பக்கத்தைக் கழற்றும்போது தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. உருளிகள் கிண்ணத்தை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். கியர்பாக்ஸுக்கும் மூட்டின் கிண்ணத்துக்கும் நடுவே கடப்பாறை முனையைக் கொடுத்து, ஆயில் சீலைத் தொடாமல், சட்டென்று ஒரு நெம்பு. உள்ளே அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற பிளவு வளையம் விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் கியர் ஆயில் ஒழுகும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் உருவாதீர்கள். சில கியர்பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பக்கவாட்டுப் பற்சக்கரங்கள் இடம் மாறி விழுந்துவிடும். புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், ஸ்ப்ளைன் (முனையில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கை, ஏபிஎஸ் வளையம் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். சர்க்ளிப் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வராமல் இருந்தால் சரி. ஒழுகிய அளவு ஆயிலை, கையேடு சொல்லும் அதே வகையில், திரும்ப ஊற்றுங்கள்.

கடைசியாக அந்த நட்டு. அது ஆக்சில் கழன்று விழாமல் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யவில்லை. பல கார்களில் சக்கர பேரிங்கின் உள்வளையம் இரண்டு பாதிகளாக இருக்கும். மூட்டின் தோளுக்கும் நட்டுக்கும் நடுவே அந்தப் பாதிகளை நெருக்கிப் பிடிப்பது இந்த நட்டின் இறுக்கம்தான். இறுக்கும்போது ஆக்சிலின் திருகு முனை மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு ஒரு ஸ்பிரிங். அது சுருங்கப் பார்க்கும் விசைதான் பேரிங்கைக் கவ்விப் பிடிக்கிறது. நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மீதிதான் நீட்சியாக மாறுகிறது. பேரிங்கைக் கவ்விப் பிடிக்கப் பெரிய விசை வேண்டும் என்பதால்தான், சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் கேட்கும் கார்கூட ஹப் நட்டுக்கு 200க்கு மேல் கேட்கிறது. கை அளவிலோ இம்பாக்ட் ரெஞ்சிலோ இதைக் குத்துமதிப்பாகப் பிடிக்க முடியாது. டார்க் ரெஞ்ச் வேண்டும், நட்டும் புதியதாக இருக்க வேண்டும். பூட்டுவதற்காக ஒருமுறை நசுக்கப்பட்ட உலோகம் இரண்டாம் முறை அதே பிடியைத் தராது.

இறுக்குவதற்குமுன் காரின் எடையை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்காதீர்கள். உருட்டவும் வேண்டாம். கவ்விப் பிடிக்காத பேரிங்கின் பாதிகள் விலகி, பந்துகள் வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து அங்கே தழும்பை உண்டாக்கிவிடும். சில வாரங்களில் அது இரைச்சலாகத் திரும்பி வரும். புது ஆக்சில்தான் மோசம் என்று அதைக் குறை சொல்லத் தோன்றும். கார் ஸ்டாண்டிலேயே இருக்க, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி முழு அளவுக்கு இறுக்குங்கள், நட்டின் கழுத்தை ஆக்சிலின் பள்ளத்துக்குள் தட்டி மடக்குங்கள் அல்லது காட்டர் பின் போடுங்கள், அதற்குப் பிறகு சக்கரத்தை மாட்டி இறக்குங்கள்.